முதியோர் மருந்துச் செலவும் நமது சங்கங்களின் கடமையும்

சுவாமிமலை வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீடாயினும், சம்பா பயிரிடும் குடியானவர் வீடாயினும், கும்பகோணம், திருபுவனம் பக்கத்துப் பட்டு நெசவாளர் வீடாயினும், இன்று சுவாமி படத்தின் பின்னால் குடும்ப அட்டையுடன் மற்றோர் அட்டையும் செருகப்பட்டிருப்பதைக் காணலாம். அது மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை குடும்பத்தின் வைத்தியச் செலவை அது ஏற்கும் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால் அதே அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் பத்து மாத்திரை வாங்க இயலுமா என்றால், இயலாது. அது ஏன் இயலாது, அதற்கு மாற்று வழி என்ன, அவ்வழியில் நமது சங்கங்களுக்கு ஏதேனும் வேலை உண்டா என்பனவற்றைக் குறித்து என் அபிப்பிராயத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஓர் உண்மை நிகழ்ச்சி. ஒரு சங்கத்தின் நகைக் கடன் பேரேட்டைப் பார்த்து வருகையில், ஒரே ஜோடித் தோடு மூன்று ஆண்டுகளாக மீட்கப்படாமல் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிக்கப்பட்டு வருவதைக் கண்டேன். கடன் தொகை பெரிதன்று. ஆயினும் காரணம் அறிய வேண்டி, அந்த அங்கத்தினரான மூத்த நெசவாளரையும் அவர் மனைவியாரையும் விசாரித்தேன். அம்மையார் ஒரு மஞ்சள் பையைக் கொணர்ந்து திண்ணையில் கவிழ்த்தார். ஐந்து வகை மாத்திரை அட்டைகள். மாதம் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய்ச் செலவு. “தறி நின்று நான்கு வருஷமாகிறது சார். பென்ஷன் வந்தால் பாதி கடைக்கே போய்விடுகிறது. அதனால் இவர் ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சாப்பிடுகிறார்” என்றார் அம்மையார். பெரியவர், “ஒன்றும் ஆகவில்லையே” என்று சிரித்தார்.

எட்டு மாதங்களுக்குப் பின் அவரைப் பக்கவாதம் தாக்கியது. அட்டை பயன்பட்டது, ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் காப்பீடு ஏற்றுக்கொண்டது. உயிர் தப்பியது, வலக்கை தப்பவில்லை. நாடா எறிந்த கை அது. நாளொன்றுக்குச் சில ரூபாய் பெறும் மாத்திரைக்கு உதவாத திட்டம், அம்மாத்திரை இல்லாமையால் நேர்ந்த நோய்க்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்தது என்பதை நேயர்கள் கருதிப் பார்க்க வேண்டும். இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. அப்பையிலிருந்த ஐந்து மாத்திரைகளுள் மூன்று, அவர்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் அடையக்கூடிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைப்பவை.

இனி அட்டையின் தன்மையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கப் பெற்றது, 2012-ம் ஆண்டு ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறி, 2018-ம் ஆண்டு செப்டம்பரில் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமான வரம்பு 2022-ல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கு மேல், 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பே பாராமல் ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்பளிக்கும் வய வந்தனா அட்டைத் திட்டத்தை மத்திய சர்க்கார் 2024-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி தொடங்கியது. தமக்கு எந்த அட்டை உரியது, முன்பே உள்ள அட்டையுடன் அது எவ்வாறு சேரும் என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் நேரில் கேட்டறிவதே நலம். தெருவில் சொல்லும் பேச்சை நம்பிச் செயற்படலாகாது.

இத்திட்டங்கள் எல்லாவற்றிற்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. நோயாளி ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்க்கப்பட வேண்டும். மத்தியத் திட்டத்தில், சேர்வதற்கு முன் மூன்று நாள் செலவும், வெளிவந்த பின் பதினைந்து நாளைய மருந்தும் கணக்கில் சேரும். பதினாறாம் நாள் முதல் மருந்து நோயாளியின் சொந்தச் செலவு. நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் பதினைந்து நாளில் தீரும் நோய்களல்ல. வந்த பின் ஆயுள் உள்ளவரை உடனிருப்பவை. எனவே முதியவர் ஒருவருக்கு மிகுந்த செலவு எங்கே உண்டாகிறதோ, அங்கே அட்டை மௌனமாக இருக்கிறது.

பணம் கொடுத்து வாங்கும் தனியார் பாலிசிகளிலும் நிலைமை பெரிதும் வேறன்று. அவற்றுள் பலவற்றில் முன் முப்பது நாள், பின் அறுபது நாள் என்று கணக்குச் சற்று நீளும், அவ்வளவே. 2024-ம் ஆண்டு ஏப்ரல் முதல் 65 வயதுக்கு மேற்பட்டோருக்குப் புதிய பாலிசி மறுக்கப்படும் நிலை நீங்கியது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது என்றும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. 2025-ம் ஆண்டு ஜனவரியில், முதியோரின் பிரீமியத்தைத் தன்னைக் கலக்காமல் ஓராண்டில் பத்து சதவிகிதத்துக்கு மேல் உயர்த்தலாகாது என்றும் அது கட்டளையிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளின் மீதிருந்த 18 சதவிகித வரியும் நீக்கப்பட்டது. இவை யாவும் நல்லனவே. ஆயினும் நகரத்திலுள்ள மகனோ மகளோ பெற்றோருக்குப் பாலிசி எடுத்து அனுப்பும்போது, “இனி மருந்துக்குக் கவலையில்லை” என்று எழுதுவது சரியன்று. அப்பத்திரத்தில் வெளிநோயாளிச் சிகிச்சை என்ற பிரிவு உண்டா, உண்டெனில் ஆண்டுக்கு எவ்வளவு, கோரும் தொகையில் இத்தனை பங்கு நோயாளியே கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்ற மூன்றையும் படித்த பின்னரே பிரீமியம் கட்ட வேண்டும். முதியோர் பாலிசிகள் பலவற்றில் அக்கடைசி நிபந்தனை இருக்கும். ஆலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் நம் குடும்பங்களில் இருந்தால், அவர்கள் வேறொன்றையும் அறிந்திருக்க வேண்டும். தொழிலாளர் அரசாங்கக் காப்பீட்டில் ஐந்து ஆண்டுகளேனும் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவரும் அவர் மனைவியும் இ. எஸ். ஐ. மருந்தகத்தில் தொடர்ந்து மருந்து பெறலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

காப்பீடு ஏன் மாத்திரைக்கு வர மறுக்கிறது? கம்பெனியின் கருமித்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் விஷயம் அதனினும் ஆழமானது. நம் விவசாய அங்கத்தினர்களுக்குப் பயிர் இன்ஷ்யூரன்ஸ் தெரியும். சம்பாப் பயிர் வெள்ளத்தில் மூழ்கினால் ஈடு கிடைக்கும். விதைநெல் விலைக்கோ யூரியாவுக்கோ கிடைக்காது. அவ்வாறு கேட்பாரும் இல்லை. ஏனெனில் வெள்ளம் யாருக்கு வரும், எப்போது வரும் என்பது தெரியாது. உரம் எல்லோருக்கும் ஆண்டுதோறும் வேண்டும் என்பது தெரியும். தெரியாத நஷ்டத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்வதே இன்ஷ்யூரன்ஸ். தெரிந்த செலவை அதற்குள் நுழைத்தால், மாத்திரை சாப்பிடுவோர் மட்டுமே பிரீமியம் கட்ட முன்வருவர், மற்றவர் விலகுவர். அப்போது மாதம் ஆயிரம் ரூபாய் மாத்திரைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் பிரீமியம் கேட்க நேரும். அந்த இருநூறு கணக்கு எழுதுபவர் கூலி.

ஆயினும் மாத்திரைக்குக் காப்பீடு முற்றிலும் கூடாத காரியம் என்பாருடனும் நான் உடன்படவில்லை. நெசவாளர் சமூகமே அதற்குச் சாட்சி. மத்திய ஜவுளித் துறை 2005-06-ம் ஆண்டில் கைத்தறி நெசவாளருக்கென ஒரு சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தை ஐ.சி.ஐ.சி.ஐ. லொம்பார்ட் கம்பெனி மூலம் கொணர்ந்தது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். இன்றைய ஐந்து இலட்சத்தின் முன் அது மிகச் சிறிய தொகை. ஆனால் அந்தப் பதினையாயிரத்துக்குள் வெளிநோயாளிச் சிகிச்சைக்கென 7,500 ரூபாய் வரை இடம் இருந்தது. மூக்குக்கண்ணாடிக்குக்கூட 250 ரூபாய் இருந்தது. தறியில் அமர்ந்து கண் மங்கியவரை நினைத்து யாரோ ஒரு நல்ல குமாஸ்தா அந்த வரியை எழுதியிருக்க வேண்டும். முன்பே உள்ள நோய்களும் விலக்கப்படவில்லை. அத்திட்டம் இன்று இல்லை. ஐந்து இலட்ச அட்டையைப் பெற்ற மகிழ்ச்சியில், ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் மறைந்ததை நம்மவர் யாரும் கேட்கவில்லை. படுக்கைக்கு ஆண்டில் ஒருவர் போவர்; மாத்திரைக்கு மாதம் பத்துப் பேர் போவர். எது அதிகம் பேருக்குப் பயன்பட்டது என்பதைச் சங்கக் கூட்டங்களில் ஒருமுறையேனும் விவாதித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அத்திட்டம் நடைபெற முடிந்ததற்குக் காரணம் வெளிப்படை. நோயாளிகள் மட்டுமன்றி நெசவாளர் குடும்பங்கள் கூட்டமாகச் சேர்க்கப்பட்டன; பிரீமியத்தின் பெரும்பகுதியை சர்க்கார் ஏற்றது. இவ்விரண்டும் இன்றி மாத்திரைக் காப்பீடு உலகில் எங்கும் நிலைத்ததாகத் தெரியவில்லை. செல்வ நாடான அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே முதியோருக்கான மெடிகேர் சட்டம் 1965-ல் இயற்றப்பட்டது. ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும் வழி செய்த அச்சட்டம் வீட்டில் உண்ணும் மாத்திரையை விட்டுவிட்டது. அக்குறையை நிரப்பும் சட்டம் 2003-ல் பிறந்து, 2006-ம் ஆண்டு ஜனவரியிலேதான் நடைமுறைக்கு வந்தது. நாற்பது ஆண்டுகள் ஆயின. அதிலும் ஒரு விசித்திரம். முதலாண்டில், மருந்தின் மொத்தச் செலவு 2,250 டாலரைத் தாண்டியதும் காப்பு நின்றுவிடும். 5,100 டாலரை எட்டிய பிறகே மீண்டும் தொடங்கும். இடையிலுள்ள பள்ளத்தில் முதியவர் தாமே நீந்த வேண்டும். இந்தப் பள்ளத்தைச் சிறிது சிறிதாக மூடி, 2022-ம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 2025-ம் ஆண்டில் ஒருவர் கைப்பணம் 2,000 டாலருக்கு மேற்படாது என்ற நிலையை அவர்கள் அடைந்தனர். உடல் நலமுள்ளவர் விலகி நிற்காதபடிக்கு, உரிய காலத்தில் சேராதவர் பின்னர் சேரும்போது தாமதித்த ஒவ்வொரு மாதத்திற்கும் பிரீமியத்தில் ஒரு சதவிகிதம் அபராதம் என்ற விதியும் அங்கு உண்டு. இங்கிலாந்து வேறு வழி சென்றது, அறுபது வயது நிரம்பியவருக்கு மருந்துச் சீட்டுக்குக் கட்டணமே இல்லை, வரிப்பணம் ஏற்கிறது.

கூட்டுறவு இயக்கத்தின் சொந்தச் சாதனை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. கர்நாடகத்தில் 2003-ம் ஆண்டு ஜூன் முதல் நடைபெற்ற யசஸ்வினி திட்டம், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களான விவசாயிகள் மாதம் ஐந்து ரூபாய் கட்டி அறுவைச் சிகிச்சைக்குக் காப்புப் பெற வழி செய்தது. முதலாண்டிலேயே பதினாறு இலட்சம் பேருக்கு மேல் சேர்ந்தனர். 2018-ல் நிறுத்தப்பட்டு, அங்கத்தினர்களின் வற்புறுத்தலால் மீண்டும் உயிர் பெற்றது. கூட்டுறவாளர் பெருமைப்படத்தக்க காரியம். ஆனால் அதுவும் அறுவைக்கே, மாத்திரைக்கு அன்று.

எனவே மாத்திரைச் செலவுக்கு உடனடி வழி இன்ஷ்யூரன்ஸில் இல்லை என்றே கருதுகிறேன். உரத்துக்கு என்ன வழி செய்தோம்? ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்காமல், சங்கம் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்தது. பட்டு நூலுக்கும் ஜரிகைக்கும் அதையே செய்தோம். மருந்துக்கும் தமிழ்நாடு அதையே செய்து வெற்றி கண்டிருக்கிறது. 1994-ம் ஆண்டு ஜூலையில் நிறுவப் பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வணிகப் பெயரை ஒதுக்கி மருந்தின் மூலப் பெயரால் டெண்டர் கோரி, மாநிலம் முழுமைக்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ் புத்தகம் உண்டு. அதில் உள்ள தொகைக்கு வேண்டிய மருந்தை அது எடுத்துக்கொள்ளும். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது. இதன் நுனிக் கிளையாக 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப் பெற்ற மக்களைத் தேடி மருத்துவம், ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை நோயாளியின் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. மேற்சொன்ன பெரியவருக்கு இது ஏன் எட்டவில்லை? அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க வந்த பெண் ஊழியரிடம், “நாங்கள் தனியார் டாக்டரிடம் பார்க்கிறோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

அந்தச் சொல்லின் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சர்க்கார் மாத்திரைக்கு வீரியம் இல்லை என்பது அது. திண்ணைதோறும் கேட்கிறேன். கழகம் தான் வாங்கும் சரக்கின் மாதிரிகளை, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி குறியீடு இட்டு, அங்கீகாரம் பெற்ற சோதனைச்சாலைகளுக்கு அனுப்பித் தேறிய பின்னரே கிடங்கிலிருந்து விநியோகிக்கிறது. தெருமுனைக் கடையில் நாம் வாங்கும் மருந்துக்கு அதைவிடக் கடுமையான சோதனை நடக்கிறதென்று யாரும் சொல்ல இயலாது. பளபளக்கும் உறையும் வர்ணமும் வீரியத்தின் அடையாளமல்ல. நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரே பட்டு, ஒரே ஜரிகை, ஒரே தறி. சங்கத்தில் ஒரு விலை, நகரத்துக் கண்ணாடி அலமாரியில் மற்றொரு விலை. மருந்திலும் சரக்கு ஒன்றே; கம்பெனி வைக்கும் பெயர் பல.

இந்தப் பெயர் வேற்றுமையால் விளையும் விலை வேற்றுமைக்கு ஓர் உதாரணம். சிடாகிளிப்டின் என்ற நீரிழிவு மருந்தின் காப்புரிமை 2022-ம் ஆண்டு ஜூலையில் முடிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மத்திய சர்க்காரின் ஜன் ஔஷதி கடைகளில் அது 50 மில்லிகிராம் அளவில் பத்து மாத்திரை 60 ரூபாய்க்கு வந்தது. அப்போது வணிகப் பெயர் தாங்கிய வகைகள் 160 ரூபாய்க்கு மேல் விற்றன. மருந்து ஒன்றே. அத்தியாவசிய மருந்துகளுக்கு 2013-ம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உச்ச விலை நிர்ணயிக்கப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் சந்தையில் நடமாடும் பல பெயர்களின் விலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு, அதன் மேல் சில்லறை வியாபாரிக்குப் பதினாறு சதவிகிதம் சேர்ப்பதே அம்முறை. விலையின் சிகரத்தை அது சற்றுச் சீவும். அடிவாரத்துக்கு நம்மை அழைத்துச் செல்லாது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கோ ஆண்டுக்குப் பத்து சதவிகிதம் வரை விலையேற்ற இடமுண்டு. டாக்டர்கள் மூலப் பெயரிலேயே மருந்து எழுத வேண்டும் என்று 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி தேசிய மருத்துவ ஆணையம் விதி வகுத்தது. அம்மாதம் 23-ந் தேதியே அது நிறுத்தி வைக்கப்பட்டது. மூன்று வாரம் வாழ்ந்த விதி.

குறைகளை மறைத்து எழுதுவது முறையாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா மருந்தும் கிடைப்பதில்லை. புதிதாக வந்தவை பட்டியலில் இரா. இருப்பவையும் சில சமயம் தீர்ந்துபோகும். வரிசையில் நிற்க முதியவருக்கு முழங்கால் வேண்டும். மேற்சொன்ன வீட்டிலும் ஐந்தில் மூன்றுதான் இலவசமாகக் கிடைத்திருக்கும். மிச்சம் இரண்டுக்குக் கடைக்கே போக வேண்டும். அந்த இரண்டிலேதான் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது.

2025-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி தமிழ்நாட்டில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மூலப் பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் விற்பது அவற்றின் நோக்கம். அவற்றுள் பாதி, அதாவது ஐந்நூறு, கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இதற்கு முன்பும் கூட்டுறவு மருந்துக் கடைகள் இங்கே புதியனவல்ல. ஆக, குறைந்த விலையில் மருந்து விற்கும் கருவி நம் இயக்கத்தின் கையிலேயே இருக்கிறது. ஆனால் கருவி இருப்பதும் அங்கத்தினருக்கு அது பயன்படுவதும் வெவ்வேறு. கடைக்காரர் எந்த மருந்தைத் தருவித்து வைப்பது என்பதை அறியார். முதியவர் தாம் தேடும் மருந்தின் மூலப் பெயரை அறியார். இருவரும் எதிரெதிரே நின்று, “அது இல்லை” என்று ஒருவர் சொல்ல மற்றவர் திரும்பிவிடுகிறார். மறுநாள் அவர் பழைய கடையிலே பழைய விலைக்கு வாங்குகிறார்.

என் யோசனை இதுவே. ஒவ்வொரு நெசவாளர் சங்கமும் விவசாயச் சங்கமும் தம் அங்கத்தினர் குடும்பங்களில் அறுபது வயதைக் கடந்தவர் நாள்தோறும் உண்ணும் மருந்துகளுக்கு ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். கம்பெனிப் பெயர் வேண்டாம். உறையின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்ட மூலப் பெயரும் மில்லிகிராம் அளவும் மாதத் தேவையும் போதும். நோயாளியின் பெயரைப் பட்டியலில் எழுத வேண்டா. அவரவர் நோய் அவரவர் அந்தரங்கம். அதில் எவை சுகாதார நிலையத்தில் இலவசம் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு அடையாளமிட்டுவிட்டால், மிஞ்சுவது இருபது முப்பது மருந்துகளாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். அவற்றை நான்கைந்து சங்கங்கள் சேர்ந்து மாதாமாதம் அருகிலுள்ள கூட்டுறவு மருந்தகத்துக்கு இன்டென்ட்டாகக் கொடுக்கலாம். நிச்சயமான கிராக்கி தெரிந்தால் மருந்தகம் தருவிக்கத் தயங்காது. நெசவாளருக்குக் கூலியில் சேமிப்புப் பிடித்தம் செய்யும் பழக்கம் இருப்பது போல, விரும்புவோருக்கு மருந்துக்கும் பிடித்தம் செய்யலாம். பிடித்தத்துக்கு வழியில்லாத, தறி நின்றுபோன மூத்த அங்கத்தினருக்கு, துணைவிதிகள் இடந்தரும் சங்கங்கள் பொது நன்மை நிதியிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கலாம். முதியோர் ஓய்வூதியம் 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்தபோது மகிழ்ந்தோம்; அத்தொகையில் மருந்துக்குப் போவது நூறு குறைந்தால் அது நூறு ரூபாய் உயர்ந்ததற்குச் சமம்.

ஓர் எச்சரிக்கை. சங்கம் தானே மாத்திரையை வாங்கி வைத்து எண்ணிக் கொடுக்கலாகாது. மருந்து விற்க உரிமமும் பதிவு பெற்ற மருந்தாளுநரும் வேண்டும் என்பது சட்டம். நல்ல எண்ணத்தில் சில காரியதரிசிகள் மேசை இழுப்பறையில் மாத்திரை வைத்துக் கொடுக்கத் தொடங்கினால், அடுத்த ஆய்வில் நானே அதைக் குறையாக எழுத நேரும். சங்கத்தின் வேலை பட்டியலும் இன்டென்ட்டும் பணமும் மட்டுமே. அவ்வாறே, கம்பெனிப் பெயரை விட்டு மூலப் பெயருக்கு மாறும் முதியவர் தம் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே மாற வேண்டும். அளவைத் தாமே குறைப்பதும் ஒருநாள் விட்டு உண்பதும் எந்த விலையிலும் லாபமாகாது.

“நூல் கொடுக்கவும் கடன் கொடுக்கவும் ஏற்பட்ட சங்கத்துக்கு இந்த வேலை எதற்கு?” என்று ஒரு நிர்வாகக் குழு உறுப்பினர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் ஒன்று கேட்டேன்: நகைக் கடனில் பாக்கி நிற்பவர்களில் எத்தனை வீட்டில் மருந்துப் பை இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்த்ததுண்டா? சங்கத்தின் வரவேண்டிய பணம் மருந்துக் கடைக் கல்லாவில் இருக்கிறதென்றால், அது சங்க விவகாரமே.

இதனுடன், வெளிநோயாளி மருந்துக்குக் காப்பீட்டில் இடம் வேண்டும் என்ற கோரிக்கையையும் நாம் கைவிடலாகாது. கைத்தறியாளருக்கு ஒரு காலத்தில் இருந்த 7,500 ரூபாய்ப் பிரிவை, இன்றைய விலைவாசிக்கேற்ப, இப்போதுள்ள அட்டையிலேயே சேர்க்கும்படி பேரவைக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம். கூட்டமாகச் சேர்ந்தால்தான் அத்தகைய காப்பு நிலைக்கும் என்று மேலே கூறினேன். முதலமைச்சர் திட்டத்தில் மக்கள் ஏற்கெனவே கூட்டமாகச் சேர்ந்திருக்கிறார்கள். எனவே தடை நிதியே அன்றி முறையல்ல. தீர்மானத்துடன் மேற்சொன்ன பட்டியலின் நகலும், மாதச் செலவின் கூட்டுத் தொகையும் சேர்ந்து போனால், அதைப் படிக்கும் அதிகாரிக்கு வெறும் வேண்டுகோளாக அது தோன்றாது.

பட்டியல் எடுக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், சிறு எழுத்தைப் படிக்கக்கூடிய பள்ளி மாணவன் ஒருவனும் போதும். பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் 2021-ம் ஆண்டு மே மாதம் முதல் கட்டணம் இல்லை. பட்டியலில் உள்ள மருந்துக்குக் கும்பகோணம் அரசு ஆஸ்பத்திரிக்கோ மருந்தகத்துக்கோ சென்றுவர, இரண்டு மூன்று வீட்டுச் சீட்டுகளை ஓர் அம்மையாரே சேர்த்து எடுத்துச் செல்லலாம். வரும் காலாண்டில் இவ்வட்டாரச் சங்கங்களுக்கு நான் வரும்போது, ரொக்கப் புத்தகத்துடனும் பேரேட்டுடனும் அந்த நோட்டையும் மேசையில் வைக்கும்படி காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதைக் கேட்க எனக்கு விதியில் அதிகாரம் இல்லை. இருந்தால் பார்ப்பேன், இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று விசாரிப்பேன்.